வேரோடு கொண்டு வாங்க

கிள்ளை ஸ்டேஷன் தாண்டியதும் நடனசபாபதி மடியிலிருந்த டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே பூ செத்துப்போயிருந்தது.

எதிர் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், கெட்டுப்பூட்டுதா?”

“வாடிப்போச்சு.”

“இட்லியா?”

“பூ.”

எதிர் சீட்டுக்காரர் டப்பாவையும் நடனசபாபதியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேல்துண்டை எடுத்துக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

காலையில் பறித்தபோது அது எப்படி இருந்தது! இளம் ஊதா நிறம். புனல் மாதிரி குழிந்து, மெல்லிய ஐந்து இதழ்களை விரித்துக்கொண்டு, கிணற்றடியில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. இப்போது மை ஒற்றின காகிதம்போலச் சுருண்டு கிடந்தது.

நடனசபாபதி கடலூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. வயது நாற்பதைத் தொட்டாகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, ஆக இருந்தது என்று சொல்வதுதான் சரி. தூரத்து மாமன் மகள் தைலம்மாளுக்கும் அவருக்கும் நிச்சயதார்த்தம் வரைக்கும் வந்தது. பந்தியில் நடனசபாபதியின் பெரியப்பா இலைக்கு மட்டும் வடை விழாமல் போய்விட்டது. பெரியப்பா இலையை மடித்தார். மாமன், “ஒரு வடைக்காகவா?” என்று கேட்டார். “வடையைப் பத்திப் பேசல, மரியாதையைப் பத்திப் பேசறேன்” என்றார் பெரியப்பா. சாயங்காலத்துக்குள் தாம்பூலம் திரும்பிப் போய்விட்டது.

அப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. சண்டை போட்டவர்கள் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். சண்டை மட்டும் உயிரோடு இருந்தது.

தைலம்மாள் படித்து, சிதம்பரத்தில் ஒரு காலேஜில் தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிறாள், அவளும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். நடனசபாபதி அதைக் கேட்டுக்கொண்டார். கல்யாணமாகாத ஆம்பிளை கல்யாணமாகாத பெண்ணைப் போய்ப் பார்க்க வேண்டுமானால் கையில் ஒரு காரணம் வேண்டும். இல்லாவிட்டால் வழியில் எதிர்ப்படுகிற நாலு பேரும் ஆளுக்கொரு காரணம் கொடுத்துவிடுவார்கள்.

தை மாதத்தில் கிணற்றடியில், யாரும் விதைக்காமல், அந்தக் காரணம் ஊதா நிறத்தில் பூத்தது.

லாபரட்டரியில் கண்ணாடி ஜாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து தைலம்மாள் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். பென்சில் நின்றது.

“வாங்க சார். உக்காருங்க.”

‘சார்’ என்ற அந்த ஒரு வார்த்தை அவரை மறுபடி கடலூருக்கே கொண்டுபோய் விட்டுவிட்டது.

“எங்க கொல்லையில ஒரு பூ பூத்திருக்குது. பேரு தெரியல. அதான்… நீங்க இந்த சப்ஜெக்ட்டாச்சேன்னு…”

தைலம்மாள் டப்பாவைத் திறந்தாள். சின்ன இடுக்கியால் பூவைத் தூக்கிப் பிடித்தாள்.

“இது பூவா, மழையில நனைஞ்ச டிக்கெட்டா?”

“காலையில நல்லாத்தான் இருந்துச்சு.”

“எல்லாம் காலையில நல்லாத்தான் இருக்கும்” என்றாள் தைலம்மாள்.

அவள் பூதக்கண்ணாடியை வைத்துப் பூவை வெகுநேரம் பார்த்தாள். நடனசபாபதி பூதக்கண்ணாடி இல்லாமலே அவளைப் பார்த்தார். காதோரம் ஒரு நரை. மூக்கில் புதிதாகக் கண்ணாடி. மற்றதெல்லாம் அதே தைலம்மாள். அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவர் ஒரு வாக்கியம் வைத்திருந்தார். ஆபீசில், குளியலறையில், ரயிலில், எல்லா இடத்திலும் சொல்லிப் பார்த்த வாக்கியம்: ‘தைலா, எனக்கு அந்த வடை முக்கியமில்லை.’

வாயைத் திறந்தார்.

“ஃபேன் காத்து நல்லா வருது” என்றார்.

“இப்படிப் பார்த்துப் பேர் சொல்ல முடியாதுங்க. பூவைப் பழைய பேப்பருக்கு நடுவுல வெச்சு, மேல பாரம் வெச்சு, அழுத்திக் காயப் போட்டுக் கொண்டாங்க.”

“அடுத்த சனிக்கிழமை வரலாமா?”

“பூவுக்கு எது சௌகரியமோ” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி பென்சிலை எடுத்தாள்.

நடனசபாபதி ஸ்டேஷனுக்கு நடந்து போகவில்லை. மிதந்து போனார்.

கடலூரில் அவருக்குத் தெரிந்த ஒரே பாரம் அம்மிக்கல்தான். வீட்டுக்கார அம்மாள் பட்டம்மாளுடையது. அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மியைப் புரட்டி, அடியில் பேப்பர் மடிப்பை வைத்து, பழையபடி சரி பண்ணினார். திரும்பி வந்த பட்டம்மாள் வழக்கம்போல மசாலா அரைத்தாள். அந்த வாரம் அவள் வீட்டில் விசேஷம். நாள் தவறாமல் அரைத்தாள்.

சனிக்கிழமை தைலம்மாள் பேப்பரைப் பிரித்தாள். குனிந்தவள் சட்டென்று முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மறுபடி மெல்ல முகர்ந்து பார்த்தாள்.

“மொளவா… கொத்தமல்லி…” என்றாள். “பூண்டு கொஞ்சம் ஜாஸ்தி.”

“அம்மிக்கு அடியில வெச்சிருந்தேன்.”

“பாரம் வெக்கச் சொன்னேன். தாளிக்கச் சொல்லலையே.”

அவள் உதடு ஒரு தரம் துடித்ததுபோல நடனசபாபதிக்குத் தோன்றியது. அந்த ஒரு துடிப்பை வைத்துக்கொண்டு அவர் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் காலத்தை ஓட்டினார்.

அடுத்த சனிக்கிழமை பூவை ஈரப் பஞ்சில் வைத்து எடுத்துப் போனார். சிதம்பரத்தில் இறங்கும்போது பஞ்சு இருந்தது, பூவைக் காணவில்லை. அதற்கடுத்த வாரம் படம் வரைந்து எடுத்துப் போனார். தைலம்மாள் படத்தைத் தலைகீழாகப் பிடித்தாள், நேராகப் பிடித்தாள், பக்கவாட்டில் பிடித்தாள்.

“கத்தரிக்காய் நல்லா வந்திருக்குது” என்றாள்.

ஆபீசில் தலைமை குமாஸ்தா கண்ணாயிரம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“மறுபடியும் சனிக்கிழமை லீவா? இந்த வாரம் யாருக்கு ஒடம்பு சரியில்ல?”

“பூவுக்கு சார்.”

“யோவ், பொண்டாட்டி புள்ளக்காரன்லாம் லீவு இல்லாம கெடக்கறான். ஒண்டிக்கட்டை நீ, பூவுக்கு லீவு கேக்கற. பூ ஆஸ்பத்திரியிலயா கெடக்குது?”

இதெல்லாம் நடனசபாபதிக்கு உறைக்கவே இல்லை. உறைத்தது தைலம்மாள் கடைசியாகச் சொன்னதுதான்.

“இப்படி இதழ் இதழா கொண்டாந்தா பிரயோஜனமில்ல சார். செடியை வேரோடு கொண்டு வாங்க. வேரைப் பார்த்துட்டா நிச்சயமா பேரைச் சொல்லிடலாம். அதோட உங்க அலைச்சலும் தீர்ந்துபூடும்.”

அலைச்சல் தீர்ந்துபோகும்! சனிக்கிழமை என்று ஒன்று வாரத்தில் இல்லாமல் போய்விட்டால், வெள்ளிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவே என்னத்தை வைத்துக்கொள்வது?

ஊருக்குத் திரும்பினார். கிணற்றடியில் குந்திக்கொண்டு, செடியைச் சுற்றி மண்ணைக் கரண்டியால் வழிக்கவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பட்டம்மாள் குடத்தோடு வந்தாள்.

“இன்னா தம்பி, வெடிக்காச் செடிக்கு இத்தினி மரியாதை?”

நடனசபாபதியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“இதுக்குப் பேரு இருக்குதா?”

“ஏன் இல்லாம? இதோ பாரு, காஞ்ச காய். இத்த எச்சித் தொட்டு வெச்சா பட்டுனு வெடிக்கும். அதுக்குத்தான் வெடிக்காச் செடின்னு பேரு. எங்க ஓரகத்தி பேத்தி நேத்துகூட என் காதுக்கிட்ட வெச்சு வெடிச்சுட்டு ஓடிட்டுது. உனக்குத் தெரியாதா? நீயெல்லாம் எங்க வளர்ந்த?”

“சத்தம் போடாதீங்கம்மா! இந்தப் பேரை யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

“ஏன்?”

ஏன் என்ற கேள்விக்கு நடனசபாபதியிடம் பதில் இருந்தது. ஆனால் அது பட்டம்மாளிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. சர்க்கார் ஆபீசில் பத்துப் பதினைந்து வருஷம் உட்கார்ந்த நாக்கு, தானாகவே ஒரு பதிலை எடுத்துக் கொடுத்தது.

“இது… சர்க்கார் விஷயம்மா. ரகசியம்.”

பட்டம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். செடியைப் பார்த்தாள். நடனசபாபதி வாராவாரம் டிபன் டப்பாவோடு ரயிலேறுவதை யோசித்தாள். அம்மிக்கு அடியில் அகப்பட்ட பேப்பர் துண்டை யோசித்தாள். அவள் கண் விரிந்தது.

“மருந்தா?”

நடனசபாபதி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவர் செய்த தப்பு.

மறுநாள் காலையில் தெருக்கோடி வீட்டு அஞ்சம்மாள் முட்டிவலிக்கு ஒரு செடி பிடுங்கிப் போனாள். எதிர் வீட்டுக்காரர் சர்க்கரைக்கு ரெண்டு பிடுங்கினார். மருமகள் வாய் அடங்க இதைக் கொதிக்கவைத்துக் கொடுக்கலாமா என்று ஒரு மாமியார் விசாரித்தாள். அதே மருமகள் சாயங்காலம் வந்து மாமியாருக்கும் கொடுக்கலாமா என்று விசாரித்தாள்.

நடனசபாபதி ஓடி ஓடித் தடுத்தார். “அய்யோ, இது மருந்தில்லைங்க! சும்மாக் காட்டுச் செடி!”

“பார்த்தியா, வெளியில தெரியக்கூடாதுன்னு எப்படி மறைக்கிறாரு” என்று ஜனங்கள் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாயிரமே ஒரு துணிப்பையோடு வந்து நின்றார்.

“யோவ், சர்க்கார் மூலிகையைக் கொல்லையில வெச்சுக்கினு என்கிட்ட வெறும் பூன்னு சொன்னியே! எங்க வூட்டம்மாவுக்கு மூச்சிரைப்பு. ஒரு ரெண்டு வேரு குடுய்யா. உன் லீவைப் பத்தி நான் பார்த்துக்கறேன்.”

அவர் போனபோது கிணற்றடி உழுத வயல் மாதிரி கிடந்தது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரே ஒரு செடி மட்டும் தப்பித்தது. அதில் மறுநாளைக்கு என்று ஒரு மொக்கு.

நடனசபாபதி அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இதைக் கொண்டுபோனால் அவள் பேரைச் சொல்லிவிடுவாள், அத்தோடு முடிந்தது. கொண்டுபோகாவிட்டால் போகவே முடியாது, அப்போதும் முடிந்தது. பூ என்று தெரிகிற அளவுக்கு உயிரும், இன்ன பூ என்று தெரியாத அளவுக்கு வாட்டமும் இருந்தால் இன்னும் ஒரு சனிக்கிழமை கிடைக்கும். அந்தப் பதத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். காய் மட்டும் அவள் கண்ணில் படவே கூடாது. காயைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். விடிந்ததும் செடியிலிருந்த காயையெல்லாம் கிள்ளி எறிந்தார். கிழங்கு கிழங்காயிருந்த வேரை மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, பைக்குள் வைத்தார்.

அவர் சட்டை மாட்டிக்கொள்ள உள்ளே போன சமயம் பட்டம்மாள் வந்தாள். நல்ல மனசுக்காரி. சர்க்காருக்குச் செடி மட்டும் போதுமா, விதை வேண்டாமா? அவர் கிள்ளி எறிந்ததையெல்லாம் பொறுக்கி, தான் சேர்த்து வைத்திருந்ததையும் கூட்டி, காகிதத்தில் பொட்டலம் கட்டி, சாக்குக்கு அடியில் செருகினாள். வெயிலில் வாடிவிடுமே என்று மேலே ஒரு செம்புத் தண்ணீரும் ஊற்றினாள்.

ஆலப்பாக்கம் தாண்டும் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. காகிதம் ஊறுவதற்கு நேரம் எடுக்குமல்லவா?

முதலில் ஒரு ‘பட்’.

நடனசபாபதி பையைப் பார்த்தார். பக்கத்திலிருந்த அம்மாள் நடனசபாபதியைப் பார்த்தாள்.

பட். பட்பட். படபடபட!

பாகிஸ்தான் சண்டை ஓய்ந்து சில மாதங்களே ஆகியிருந்த காலம். சைக்கிள் டயர் வெடித்தாலே ஜனங்கள் வானத்தைப் பார்த்தார்கள். பெட்டியில் யாரோ “குண்டு!” என்று கத்தினார்கள். ஒருவர் சங்கிலியைப் பிடித்து இழுத்தார். மேல் பலகையில் தூங்கிக்கொண்டிருந்தவர் இறங்குவதற்குப் படியைத் தேடாமல் நேராக நடனசபாபதியின் மேல் இறங்கினார்.

“குண்டில்லைங்க! வெடிக்கா!” என்று நடனசபாபதி கதறினார்.

“வெடிக்குதுன்னு அவனே ஒத்துக்கறான் பாரு! புடி அவனை!”

தட்டுத்தடுமாறி வண்டி புதுச்சத்திரத்தில் வந்து நின்றது. கார்டு வந்தார், ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார், ஒரு கான்ஸ்டபிளும் வந்தார். பையைக் கம்பு நுனியில் மாட்டி, கை நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டு, பிளாட்பாரத்துக்குக் கொண்டுபோனார்கள்.

“குண்டைத் தண்ணியில போட்டா அடங்கிடும்” என்றார் விஷயம் தெரிந்த கார்டு.

“வேணாம் சார்! தண்ணி மட்டும் வேணாம்!” என்று அலறினார் நடனசபாபதி.

பார்த்தீர்களா, பயப்படுகிறான் என்று பையை அப்படியே தீயணைக்கிற தொட்டியில் முக்கினார்கள். மிச்சமிருந்த அத்தனை காயும் ஒரே சமயத்தில் வெடித்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தம் அறைக்குள் ஓடி மேஜைக்கு அடியில் போனார். கான்ஸ்டபிள் கார்டுக்குப் பின்னால் போனார். கார்டுக்கு ஒளிய யார் முதுகும் அகப்படாததால் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லாம் அடங்கிய பிறகு கான்ஸ்டபிள் தொட்டியில் மிதந்த ஒரு காயை எடுத்துப் பார்த்தார்.

“இது எங்க தெருப் பசங்க காதுல வெடிக்கிற காய்ல்ல? யோவ், இதைப் போயி எங்கய்யா கொண்டு போற?”

“பேரு கண்டுபிடிக்க சார்.”

கான்ஸ்டபிள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அரெஸ்ட் செய்யலாமா, அனுதாபப்படலாமா என்று அவருக்குப் புரியவில்லை. ரயிலை முழுக்கச் சோதனை போடாமல் விடக்கூடாது என்று மேலிருந்து போன் வந்ததால் வண்டி நின்றபடியே நின்றது. நடனசபாபதியை மட்டும், “நீ பஸ்ல போய்க்க. ரயிலு பக்கமே வராத” என்று ரோட்டுக்கு விரட்டினார்கள். செடி தொட்டியில் மிதித்த கீரைபோலக் குழைந்து கிடந்தது. ஊதா மொக்கு எங்கே போனது என்றே தெரியவில்லை.

ரோட்டில் ஒரு சிதம்பரம் பஸ் நின்றது. திரும்பிப் போவதா, ஏறுவதா? நடனசபாபதி தம் இரண்டு கையையும் பார்த்தார். வெறும் கை. அந்தக் கையோடு அவர் ஏறினார்.

பஸ் ரயிலைவிட வெகு முன்னதாகவே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. காலேஜ் வாசலில் வந்து நின்றார். இனி ஒளிவதற்கு ஒரு இதழ்கூட இல்லை. போய் நின்றதும் அவள் கேட்பாள்: ‘செடி எங்கே சார்?’ இல்லை என்பார். ‘அப்புறம் எதுக்கு வந்தீங்க?’ என்பாள். அந்தக் கேள்விக்கு இத்தனை வாரமாக அவர் பதில் சொல்லாமல் இருந்ததுதான் மிச்சம். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். ‘உங்களைப் பார்க்க வந்தேன்.’ அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டியதுதான்.

கேட்டிலிருந்து லாபரட்டரிக்குப் போகிற மண்பாதையில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பாதையின் இரண்டு ஓரத்திலும் ஊதா. கிணற்றடிப் பூவேதான். இங்கே ஒன்று, அங்கே ஒன்று அல்ல. வேலி வரைக்கும் காடாகப் பூத்துக்கிடந்தது. முதல் தடவை வந்த அன்று அவர் டிபன் டப்பாவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அப்புறம் வந்த சனிக்கிழமைகளில் இங்கே வெட்டிச் சுரண்டின மண்தான் இருந்தது. இப்போது பாதிப் பாதையை வெட்டி முடித்துவிட்டு, மீதிப் பாதியை ஒரு தோட்டக்காரர் மண்வெட்டியால் அவசர அவசரமாகக் கொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊதாக் குவியல்.

நடனசபாபதிக்கு வேறெதுவும் தோன்றவில்லை. செடி கிடைத்துவிட்டது! வேரோடு! இன்னும் ஒரு சனிக்கிழமை! ஓடிப்போய்த் தோட்டக்காரர் முன்னால் கை நீட்டினார்.

“அய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். அதுல ஒரே ஒரு செடி குடுங்க.”

“அதெல்லாம் முடியாதுங்க” என்றார் தோட்டக்காரர்.

“வெட்டிப் போடறதுதானே? ஒண்ணு குடுத்தா இன்னா கொறைஞ்சுபூடும்?”

தோட்டக்காரர் நிமிர்ந்து, இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நெற்றி வேர்வையை வழித்தார். வந்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. ஸ்டேஷன் இருக்கிற திசையைக் கவலையோடு ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

“ஒண்ணுகூட வெளிய போவக்கூடாதுங்க. செடி பாடம் எடுக்கற டீச்சரம்மா உத்தரவு. வாரா வாரம் இதே ரோதனைதான் எனக்கு. வெட்ட வெட்ட மொளைக்குது, இடுப்பு ஒடியுது. இத்தனைக்கும் அந்தம்மாவுக்கு இந்தப் பூவுன்னா உசுரு. இருந்தும், ‘சனிக்கிழமை பாசஞ்சர்ல எங்க மாமா வருவாரு, அதுக்குள்ள ஒண்ணு விடாம வெட்டிப்புடு, இந்தப் பூ இங்கயும் இருக்குதுன்னு தெரிஞ்சா மனுஷன் அப்புறம் வரவே மாட்டாரு’ங்கறாங்க!”